நம்பிக்கை உடையவள்

ஜனவரி 8, ஞாயிறு

அப்பாவின் கூட்டாளி சிற்றரசு மாமா வழக்கம்போல் காலையிலேயே வந்துவிட்டார். கையில் இரண்டு செய்தித்தாள்கள். ஒன்று நம்முடையது, மற்றது எதிரியுடையது என்பார். எதிரியுடையதைத்தான் முதலில் பிரிப்பார், அதிலும் ராசிபலனை.

"பாப்பா, உன் ராசிக்கு இன்னிக்கு எதிர்பாராத விருந்தாளி வருவாகளாம். நாந்தான் வாரந்தவறாம வர்றேனே, இதுல எதிர்பாராதது என்ன இருக்கு?"

"என் ராசி எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"உங்கப்பன் சொல்லல. நானா ஒன்ன வச்சுக்கிட்டேன்."

மதியம் மீன் குழம்பு. உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அவர் சொல்லவில்லை, இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

அவர் போன பிறகு பிளஸ் டூ விலங்கியல் கையேட்டின் மெய்ப்பை எடுத்துவைத்துக்கொண்டேன். கல்லூரியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு மதுரைப் பதிப்பகம் ஒன்று இந்த வேலையைத் தருகிறது. தவளையின் இதயத்துக்கு நான்கு அறைகள் என்று போட்டிருந்தார்கள். திருத்தினேன்.

ஜனவரி 11, புதன்

கட்சியின் ஒன்றியச் செயலாளர் குணாளன் வந்திருந்தார். அப்பாவின் கட்சி என்பதால் பொங்கலுக்கு முன் ஒரு நாட்காட்டி கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். இந்த முறை நாட்காட்டியோடு வேறொன்றும் இருந்தது. உலகநாயகி அம்மன் கோயிலுக்கு அரசு புதிதாக ஐந்து அறங்காவலர்களை நியமிக்கப் போகிறதாம். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அறிவுக்கொடி என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு சாமி நம்பிக்கை கிடையாதே," என்றேன்.

"தெரியும்மா. உங்கப்பா பேச்சைக் கேட்டு வளந்தவன்தான நானும்."

"அறங்காவலர் ஆகணும்னா கடவுள் நம்பிக்கை இருக்குன்னு உறுதிமொழி சொல்லணும்."

"சொல்லணும். ஒரே ஒரு வரி." நெற்றியிலிருந்த திருநீற்றைத் துடைப்பதுபோல் கையைக் கொண்டுபோய், துடைக்காமல் எடுத்தார். "நம்ம கட்சில பாதிப் பேரு உள்ள கும்புட்டுட்டு வெளிய பேசுறோம். நீங்க வெளிய கும்புட்டுட்டு உள்ள பேசுங்க. கணக்கு சரியாப் போயிரும்."

சிரித்துவிட்டேன். முடியாது என்றும் சொல்லிவிட்டேன். வேறு பெண்கள் இல்லையா என்று கேட்டதற்கு, இருப்பவர்கள் எல்லாம் வயிரவமூர்த்திக்குச் சொந்தம் என்றார். வயிரவமூர்த்தி ரைஸ்மில்காரர். கோயில் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை நடத்துகிறார். யாரிடமிருந்து பாதுகாக்கிறார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 15

பொங்கல். மாமா கோயம்புத்தூரில் மகன் வீட்டில். பால்காரர் விடுமுறை. இன்று யாரோடும் பேசவில்லை என்பது பல் துலக்கிப் படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது.

ஜனவரி 17, செவ்வாய்

பூமயில் வந்தாள். பத்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இப்போது காலனி இருக்கும் கிழக்கு வார்டின் கவுன்சிலர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, சமையலறை வாசலில் நின்றபடியே பேசினாள்.

"குணாளன் அண்ணன் கேட்டதுக்கு முடியாதுன்னுட்டியாமே."

"ஆமா. பொய் சொல்லி ஒரு பதவிக்குப் போக முடியாது."

"பதவிய விடு. அஞ்சு பேருல ரெண்டு பேரு எங்க பக்கம். ரெண்டு பேரு ரைஸ்மில் பக்கம். அஞ்சாவது ஆளு நீ."

பங்குனித் திருவிழாவில் அம்மன் பல்லக்கு எல்லாத் தெருவுக்கும் போகும். காலனிக்கு மட்டும் போகாது. தண்ணீர்த் தொட்டி முக்கு வரைக்கும் வந்து திரும்பிவிடும். காலனி சனம் அந்த முக்கில் நின்றுதான் பார்க்கும். தேங்காய்த் தட்டை நேராக நீட்டக்கூடாது. நடுவில் நிற்கும் ஆள் வாங்கி, இன்னொருவர் கைக்கு மாற்றி, அது குருக்களிடம் போகும். தெருவுக்குள் வர வேண்டும் என்று போட்ட வழக்கு, பூமயிலின் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது.

"உன்னைத் தெருவுக்கு வெளியே நிறுத்துற சாமி உனக்கு எதுக்கு பூமயில்? ஒரு நூலகம் கேளு, நான் வந்து முன்னால நிக்கிறேன்."

"நூலகமும் கேட்டிருக்கோம். அதையும் வாங்கிக் குடு, இதையும் வாங்கிக் குடு. எங்களுக்கு எது வேணும்னு நீ ஏன் முடிவு பண்ற?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எங்காத்தா நடமாட்டத்தோட இருக்கப்பவே நடந்துரணும் அறிவு. நீ நம்புறேன்னு மட்டும் சொல்லு. கும்புடுற வேலைய நாங்க பாத்துக்கிறோம்."

காபி ஆறிப்போனது. அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 22, ஞாயிறு

மாமாவிடம் சொன்னேன். எதிரியின் செய்தித்தாள் பாதி பிரித்தபடி மடியில் கிடந்தது.

அவர் சர்வேயராக இருந்தவர். நெடுங்குறிச்சியில் சிற்றரசு அளந்து சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சொந்தத் தம்பியின் வேலியையே ஒன்றரை அடி உள்ளே தள்ளிப் போடச் சொன்னவர். தம்பி சாகும்வரை பேசவில்லை. எனக்கும் செழியனுக்கும் புரோகிதர் இல்லாமல் மேடையில் கல்யாணம் நடத்திவைத்தவரும் அவர்தான். செழியன் இறந்த பிறகு, இறந்து இரண்டு வருடமாகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வராமல் இருந்ததில்லை. ஊரில் இருந்தால் வந்துவிடுவார்.

"அந்த வரியைச் சொல்லு பாப்போம்," என்றார்.

"எந்த வரி?"

"அங்க போய்ச் சொல்லப் போறியே. இங்க சொல்லு. எங்கிட்ட."

சொன்னேன். "கடவுளிடமும் கோயில் வழிபாட்டிலும் நம்பிக்கை உடையவள்." பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"அம்மன் அந்தத் தெருவுக்குள்ள போகணும்னுதான் நானும் சொல்றேன். இல்லாத சாமிக்கு என்ன தெருக் கணக்கு? ஆனா உண்மையச் சொல்லிச் சண்டை போட்டுப் போகணும். பொய்யச் சொல்லி வாங்குனத அடுத்தவன் அதே பொய்யச் சொல்லிப் பிடுங்கிருவான் பாப்பா."

"உண்மையைச் சொல்லி வழக்குப் போட்டாங்களே மாமா. இன்னும் வாய்தாதான் வாங்குறாங்க."

"அதுக்கு?"

"நான் சரின்னு சொல்லப் போறேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கதவருகில் செருப்பை மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

வர்றேன் என்று சொல்லித்தான் எப்போதும் போவார். இன்று சொல்லவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

மாமா வரவில்லை.

பிப்ரவரி 2, வியாழன்

உறுதிமொழி அம்மன் சந்நிதிக்கு எதிரே. நாங்கள் ஐந்து பேர், மாலைகள், குணாளன் ஏற்பாடு செய்த புகைப்படக்காரர். மற்ற நால்வரும் கடகடவென்று சொல்லி முடித்தார்கள். என் முறை வந்தபோது மண்டபம் கொஞ்சம் அமைதியானது. வயிரவமூர்த்தி தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவில்லை. வகுப்பெடுத்த குரல், பழகிவிட்டது.

குருக்கள் குங்குமத் தட்டை மற்றவர்களுக்கு நீட்டிக்கொண்டு வந்தவர் என் முன்னால் ஒரு கணம் தயங்கி, திருநீற்றை மட்டும் எடுத்தார். செழியன் இருந்தபோதும் நான் குங்குமம் வைத்ததில்லை. அதனால் இதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் குணாளன் சொன்னார்: "சூப்பரும்மா. எங்களவிட நல்லாச் சொன்னீங்க."

வீட்டில் முகம் கழுவினேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

வரவில்லை. கறி எடுக்காமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 7, செவ்வாய்

மின்கட்டணம் கட்டினேன். திரும்பும்போது கோயில் வழியாக வந்தேன். அன்னதானக் கூடத்தின் கூரையில் ஒழுகல் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் நடை சாத்துவதற்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

பிப்ரவரி 10, வெள்ளி

அறங்காவலர் குழுக் கூட்டம். தீர்மானம் நிறைவேறியது. மூன்றுக்கு இரண்டு. திருவிழாவின் ஏழாம் நாள் பல்லக்கு காலனித் தெருவுக்குள் போய், சுற்றித் திரும்பும்.

குழுவில் இல்லாவிட்டாலும் வயிரவமூர்த்தி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து மரியாதையாக நின்றார்.

"டீச்சர், உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே. அது எந்தத் தெருவுல போனா உங்களுக்கென்ன, எந்தத் தெருவுல போகாட்டி உங்களுக்கென்ன?"

நல்ல பதில் ஒன்று வீட்டுக்கு வந்து குக்கரை வைத்த பிறகுதான் தோன்றியது. அந்நேரத்தில் அது யாருக்கும் உதவாது.

பூமயில் தொலைபேசியில் அழைத்தாள். பின்னால் யாரோ குலவை போட்டார்கள். "எங்காத்தாதான். நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டேங்குது."

பிப்ரவரி 16, வியாழன்

வெயில் இப்போதே சுடுகிறது. மெய்ப்பு முடிந்தது, அடுத்த கட்டு வரவில்லை. கோயிலுக்குப் போயிருந்தேன். கூரையை ஆள் வைத்துச் சரிசெய்தாகிவிட்டது, ஆனாலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. உள் மண்டபத்தில் கல் தரை குளிர்ச்சியாக இருக்கிறது. குருக்கள் நடை சாத்தும் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்துவரச் சொல்லாமல், கொஞ்ச நேரம் காத்திருந்தார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சந்தையில் மாமாவைப் பார்த்தேன். பூண்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போவதற்குள் மீதிச் சில்லறையை வாங்காமலேயே நகர்ந்துவிட்டார். கடைக்காரப் பெண் சில்லறையை என்னிடம் நீட்டினாள். "உங்க மாமாதான, குடுத்துருங்க டீச்சர்."

வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த முறை அவரே வருவார், அவரிடமே கொடு என்றேன்.

பிப்ரவரி 27, திங்கள்

என் மீது புகார் போயிருக்கிறது. அறங்காவலர் அறிவுக்கொடி கடவுள் மறுப்பாளர், பொய்யாக உறுதிமொழி எடுத்தவர், ஆகவே அவர் நியமனம் செல்லாது, அவர் வாக்கும் செல்லாது. வாக்கு செல்லாவிட்டால் தீர்மானமும் இல்லை. புகார் கொடுத்தவர் வயிரவமூர்த்தி. அறநிலையத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிப்பார்.

புகாரில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியாது. இவ்வளவு பிழையில்லாத பிரதி என் மேசைக்கு வந்ததே இல்லை.

மார்ச் 8, புதன்

குணாளன் என்னைத் தயார்ப்படுத்த வந்தார்.

"பழனி போயிருக்கீங்களா?"

"இல்லை."

"சமயபுரம்? திருச்செந்தூர்? எதாச்சும் கோயில் வாசல்ல நின்னு எடுத்த போட்டோ?"

"கல்லூரிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிட்டுப் போனப்ப தஞ்சாவூர்ல எடுத்தது ஒண்ணு இருக்கு."

"அதக் குடுங்கம்மா." வாங்கிப் பார்த்தார். "கையக் கும்புடாம இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறீங்களே."

"பிள்ளைகளை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். வயிரவமூர்த்தி தன் பக்கச் சாட்சியாக சிற்றரசு மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார். ஊரில் பொய் சொல்லாத ஆள் என்று பெயர் எடுத்தவர், என்னை ஐந்து வயதிலிருந்து தெரிந்தவர். அவர் வாயாலேயே 'இது சாமி கும்பிடாத பெண்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

"நீங்க போயி ஒரு வார்த்தை பேசுங்கம்மா. உங்களுக்காகக் கேப்பாரு."

"என்ன பேச?"

குணாளன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 12, ஞாயிறு

மாமா வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். ஊரின் மேற்குக் கோடி. சன்னல் திறந்திருந்தது. அந்த மனிதரிடம் போய் எனக்காகப் பொய் சொல்லுங்கள் என்று கேட்பதா? அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். மனைவி போய்விட்டார், மகன் தொலைவில், தம்பி அந்த ஒன்றரை அடியோடு போய்ச் சேர்ந்தார். அதையும் நான் வாங்கிக்கொண்டு வருவதா?

தெருமுனையில் கீரைக்காரி இருந்தாள். அரைக்கீரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பூமயிலிடம் சொன்னேன். "ஆத்தாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அது புதுச் சேலை எடுத்து வச்சிருக்கு," என்றாள்.

மார்ச் 15, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயில் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் விசாரணை. அதிகாரி நாற்பது வயதுக்காரர், களைத்த முகம். ஒரு பக்கம் வயிரவமூர்த்தியும் அவர் ஆட்களும். இன்னொரு பக்கம் பூமயிலும் காலனிக்காரர்கள் சிலரும், சுவரை ஒட்டி நின்றபடி. நாற்காலிகள் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

என்னை முதலில் கேட்டார். "உங்களுக்கு இறை நம்பிக்கை உண்டா?"

"உறுதிமொழியில் சொல்லியிருக்கிறேன்."

"அது பதிலா சார்?" என்றார் வயிரவமூர்த்தி. "உண்டு, இல்ல, ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க."

"உண்டு," என்றேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இல்லை.

பிறகு மாமாவைக் கூப்பிட்டார்கள். கறுப்புச் சட்டை போட்டிருந்தார், இஸ்திரி போட்டது. கடவுள் பேரால் உண்மை சொல்வதாகச் சொல்லுங்கள் என்றார் எழுத்தர்.

"அந்த ஆள எனக்குப் பழக்கமில்ல. மனசாட்சிப்படின்னு எழுதிக்கங்க."

சிலர் சிரித்தார்கள். வயிரவமூர்த்தியும் சிரித்தார். சாட்சி நல்லபடியாகத் தொடங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது.

"இந்தம்மாவ எவ்வளவு காலமாத் தெரியும்?" அதிகாரி.

"இவுக அப்பன் என் கூட்டாளி. அஞ்சு வயசுல இருந்து தெரியும். ஞாயித்துக்கெழமை தவறாம இவுக வீட்டுக்குப் போவேன்."

"இப்பவும் போறீங்களா?"

"போறதில்ல."

"ஏன்?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் மேசையைப் பார்த்துச் சொன்னார். "சாமி கும்புடுது. அதான்."

வயிரவமூர்த்தி எழுந்துவிட்டார். "ஐயா, நீங்களே டீக்கடைல சொன்னீங்களே, அது ஓட்டுக்காகச் சொன்ன பொய்யின்னு. பத்துப் பேரு கேட்டிருக்கோம்."

"சொன்னேன். அப்ப அப்படித்தான் நெனச்சேன். நாடகம்னு நெனச்சேன். அப்புறம் கண்ணால பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?" என்றார் அதிகாரி.

"உச்சி வெயில்ல, நடை சாத்தப் போற நேரம், கோயில்ல ஈ காக்கா இருக்காது. அப்பப் போகுது. போயி நடை சாத்துற வரைக்கும் உக்காந்திருக்கு. ஒரு நாள் இல்ல, எத்தனையோ நாளு. ஊருக்குக் காட்டணும்னா வெள்ளிக்கெழமை கூட்டத்துல போயி நெத்தி நெறையப் பூசிக்கிட்டு வரும்ல. நாடகம் போட ஆளு வேணும் சார். ஆளே இல்லாத எடத்துல எவன் நாடகம் போடுவான்?" நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "அது படிச்ச படிப்புக்கும் அதோட அப்பன் பேசுன பேச்சுக்கும் இது கேவலம். எனக்கு மனசு விட்டுப்போச்சு. அதான் போறதில்ல. எழுதிக்கங்க."

அதிகாரி குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார். குருக்கள், ஆமாம், அந்த அம்மா அந்த நேரத்தில் வருவார்கள், தான் சாவியோடு காத்திருப்பது உண்டு என்றார். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

புகார் தள்ளுபடி.

பூமயில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மாமாவைத் தேடினேன். குடையை ஊன்றிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். வயிரவமூர்த்தியின் ஆள் ஒருவன், "என்னா தாத்தா, காலை வாரி விட்டுட்டீகளே," என்றான். மாமா, "உண்மையச் சொல்லத்தானடா கூப்பிட்டீக," என்றார்.

அதே நாள், மாலை

உள் மண்டபத்துக்கு நான் போனது அதன் குளிர்ச்சிக்காக. வீட்டு மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிட்டும் வரவில்லை.

மாமாவின் வீடு மேற்குக் கோடியில் இருக்கிறது. கோயிலும் என் வீடும் கிழக்கே. உச்சி வெயிலில் அவருக்கு இந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது. இருந்தும் எத்தனையோ நாள் வந்திருக்கிறார்.

மார்ச் 19, ஞாயிறு

காலையில் இரண்டு பேருக்குச் சமைத்தேன். விசாரணை முடிந்துவிட்டது, கோபமும் போயிருக்கும் என்று நினைத்தேன். வாசலில் நின்றேன். எதிர்த்த கடை நிழலில் வயிரவமூர்த்தியின் ஆள் பைக்கில் சாய்ந்து நின்றான். விசாரணைக்கு மறுநாளிலிருந்து அவன் அங்கே நிற்பதைப் பார்க்கிறேன். யாருக்காக நிற்கிறான் என்பது இன்றுதான் புரிந்தது.

மாமா என் வீட்டுப் படியேறினால் அவர் அன்று சொன்னது பொய்யாகிவிடும். புகார் மறுபடி எழும். கூடவே, வாழ்நாளில் ஒரு தடவையும் பொய் சொல்லாதவர் என்ற பெயரும் போகும். அது தெரிந்துதான் அந்த வார்த்தையை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். சாட்சி சொல்லும்போதே அவர் இந்த வாசலைச் சாத்திக்கொண்டுதான் பேசியிருக்கிறார்.

அவர் சொன்னதில் எவ்வளவு அவர் நம்பியது, எவ்வளவு எனக்காகச் சொன்னது என்று கேட்க வேண்டும். கேட்கவும் முடியாது.

மாலையில் பூமயில் வந்தாள். சொன்னேன்.

"அப்பத் திருவிழா முடிஞ்சதும் நீ எழுதிக் குடுத்துட்டு விலகிரலாம்ல?" என்றவள் தானே பாதியில் நிறுத்தினாள். தீர்மானம் ஒவ்வொரு வருடமும் குழுவில் புதிதாக நிறைவேற வேண்டும். நான் விலகினால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"விலகல," என்றேன்.

பதவிக்காலம் இரண்டு வருடம். மாமாவுக்கு எழுபத்தொன்பது வயது.

மார்ச் 26, ஞாயிறு

கொடியேற்றம். கையில் காப்புக் கட்டினார்கள். திருவிழா முடியும் வரை ஊரைவிட்டு இரவு தங்கப் போகக்கூடாது, கவிச்சி கூடாது, பகலில் ஒருபொழுது. எனக்குப் போவதற்கு ஊரும் இல்லை, சமைத்துப் போட ஆளும் இல்லை. சிரமமில்லாத விரதம்.

ஏப்ரல் 1, சனி

ஏழாம் நாள். வெயில் தாழ்ந்ததும் பல்லக்கு கிளம்பியது. இரண்டு வண்டி போலீஸ். வயிரவமூர்த்தி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, மாடியில் ஆள் நடமாட்டம் தெரிந்தது.

தண்ணீர்த் தொட்டி முக்கில் பல்லக்கு நின்றது. யாரும் தடுக்கவில்லை. தூக்கியவர்களின் கால்கள் தாமாக நின்றன. முன்தண்டைத் தூக்கியவர் பாதி திரும்பிவிட்டு, "இங்கனதாங்க திருப்புவோம்," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல். விரோதமில்லை. அத்தனை வருடப் பழக்கம். பின்னால் இருந்தவர்கள் முன்னால் தள்ள, முன்னால் இருந்தவர்கள் திரும்ப, அம்மன் குறுக்கே சாய்ந்தது. குருக்கள் என்னைப் பார்த்தார்.

நான் முன்னால் போய்க் காலனித் தெருவில் நடந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வீட்டு வாசல்களில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள், இன்னும் ஈரம் காயவில்லை. அதை மிதிக்காமல் எப்படி நடப்பது என்ற கவலை மட்டும்தான் எனக்கு இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பின்னால் மேளம் கேட்டது. அது கிட்டே வந்துகொண்டிருந்தது.

பூமயில் வீட்டு வாசலில் அவள் அம்மா ராக்காயி நின்றார், நீலச் சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் தேங்காய்த் தட்டு. பல்லக்கு அவருக்கு எதிரே இறங்கியது. கையை நீட்டினால் அம்மனின் பட்டைத் தொடும் தூரம். அவர் அம்மனைப் பார்த்தார், பிறகு திரும்பி, தட்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தா தாயி, குடுத்துரு."

"நீங்களே குடுங்கம்மா. அம்மன் இங்கதான் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. "நீ வாங்கி ஐயருட்ட குடு தாயி," என்று தட்டை என் மார்பில் இடிக்கும்படி நீட்டினார். பூமயில் வந்து அம்மாவின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். குருக்கள் குனிந்து, இரண்டு கைகளாலும் தட்டை அவரிடமிருந்து வாங்கினார். தட்டு போன பிறகும் ராக்காயியின் கைகள் அப்படியே ஏந்தியபடி நின்றன.

நான் தெருவிளக்குக் கம்பத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். புகை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

திரும்பும்போது தண்ணீர்த் தொட்டி முக்கில், கூட்டத்துக்கு வெளியே, கறுப்புச் சட்டை தெரிந்தது. குடையை ஊன்றியபடி. தெருவுக்குள் அவர் வரவில்லை. பல்லக்கு அவரைக் கடந்தபோது சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். அவர் பல்லக்கைப் பார்க்கவில்லை, அது வெளியே வந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 5, புதன்

காப்பு அவிழ்த்தாகிவிட்டது. காலனித் தெருவில் குப்பை அள்ள பேரூராட்சி வண்டி வரவில்லை என்று பூமயில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நூலகத்துக்கு மனு எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

மருந்துக்கடைக்குப் போனேன். பக்கத்து டீக்கடை பெஞ்சில் மாமா. சுற்றிலும் ஏழெட்டுப் பேர், வயிரவமூர்த்தியின் ஆளும் அதில் ஒருவன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. நான் தலையைக் குனிந்து கடக்கப் பார்த்தேன்.

"என்ன அறங்காவலரம்மா," என்றார் மாமா. எல்லோருக்கும் கேட்கும் குரல். பாப்பா இல்லை, நீ இல்லை. "அம்மன் சௌக்கியமா இருக்காகளா?"

டீக்கடை சிரித்தது.

"இருக்காங்க ஐயா," என்றேன். அவரை ஐயா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"ஒருபொழுது விரதமெல்லாம் இருந்தீகளாமே. கன்னம் ஒட்டிப் போயிருக்கு. படிச்சவுகளுக்கு எதுக்கு இந்தக் கூத்து? விரதம் முடிஞ்ச பெறகாச்சும் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடச் சொல்றாகளா, இல்ல அதுவும் வேணாம்னுட்டாகளா உங்க சாமி?"

வயிரவமூர்த்தியின் ஆள் தொடையில் தட்டிச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடச் சொல்றாங்க ஐயா. சாப்பிடுறேன்."

"ம்," என்றார். டீயை ஊதிக் குடிக்கத் தொடங்கினார்.

தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறும் மருந்துக்கடைக்குப் போகும் வேலை இருக்கிறது.

இரவு சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்துச் சாப்பிட்டேன்.